கேமரா காட்டும், குழாய் போக மறுக்கும்

வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பல இந்த முறை ஒரே விஷயத்தைத் தொட்டன. ஐ.சி.யு.வில் மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடுவதும், அதற்கு இப்போது எடுக்கப்படும் கேமரா வைத்த கருவியும்தான் அது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மயக்க மருந்து நிபுணரும் மூத்த தாதியும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். கேட்டவர்களில் சிலர் குடும்பத்தினர், சிலர் ஆஸ்பத்திரிப் பணியாளர்கள். அதனால் சில பதில்கள் கொஞ்சம் தொழில் நுணுக்கத்தோடு இருக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். நிமோனியா முற்றி ஐ.சி.யு.வில் சேர்த்தோம். "கேமரா வைத்துத்தான் குழாய் போடப் போகிறோம்" என்று டாக்டர் சொன்னதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. கேமரா தேவைப்படும் அளவுக்கு அவர் நிலைமை மோசமாகிவிட்டதா?
சுங்கை சிப்புட் வாசகி

பதில்: பயப்படாதீர்கள், சகோதரி. கேமரா கருவியை எடுத்தார்கள் என்பதை வைத்து நோயின் கடுமையைக் கணக்கிட முடியாது. இன்று பல ஐ.சி.யு.க்களில் முதலில் கையில் எடுப்பதே அதைத்தான்.

வாயிலிருந்து மூச்சுக்குழாய்க்குப் போகும் வழி நேராக இல்லை. நாக்கின் அடிக்குப் போனதும் கிட்டத்தட்ட செங்கோணமாகக் கீழே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் குரல்வளை மூடி ஓர் இலை மாதிரி கவிந்து நிற்கும். அதற்குக் கீழே குரல் நாண்கள் இரண்டு, நடுவில் ஒரு பிளவு. குழாய் அந்தப் பிளவுக்குள் போக வேண்டும். அதற்குப் பின்னாலேயே ஒட்டினாற்போல உணவுக்குழாயின் வாய் இருக்கிறது. கொஞ்சம் தவறினால் காற்று வயிற்றுக்குப் போய்விடும்.

பழைய முறையில், ராபர்ட் மெக்கின்டாஷ் 1943-ல் வெளியிட்ட வளைந்த பிளேடால் நாக்கை ஒதுக்கித் தூக்கி, டாக்டர் தன் கண்ணுக்கும் குரல் நாண்களுக்கும் இடையே ஒரு நேர்க்கோட்டை உண்டாக்கிக்கொள்வார். கழுத்தை மடக்க முடியாதவர், பருமனானவர், தாடை உள்வாங்கியவர் என்றால் அந்தக் கோடு எளிதில் கிடைக்காது. வீடியோ லாரிங்கோஸ்கோப் என்ற கேமரா கருவியில் பிளேடின் நுனிக்குச் சற்று முன்பாக ஒரு சிறு கேமராவும் விளக்கும் இருக்கின்றன. கண்ணையே திருப்பத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தது போல. வளைவைத் தாண்டிப் பார்க்கும் ஆசை பழையது. 1854-ல் மனுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் தன் குரல் நாண்களைத் தானே பார்க்கச் சிறு கண்ணாடியையும் சூரிய வெளிச்சத்தையும் பயன்படுத்தினார். ஜான் பேசி என்ற கனடா அறுவை மருத்துவரின் கிளைட்ஸ்கோப் கருவி 2001-ல் வந்த பிறகு கேமரா பரவலாகியது.

இன்னொரு நன்மையும் உண்டு. திரையில் தெரிவதை உதவிக்கு நிற்கும் தாதியும் பார்க்கிறார். கழுத்தை எந்தப் பக்கம் அழுத்த வேண்டும், எப்போது எச்சிலை உறிஞ்சும் சக்‌ஷனை நீட்ட வேண்டும் என்பது அவருக்குச் சொல்லாமலே புரியும்.

அமெரிக்காவில் 17 அவசரப் பிரிவுகளிலும் ஐ.சி.யு.க்களிலும் 1,417 பேரிடம் செய்து 2023-ல் வெளியான ஆய்வில், முதல் முயற்சியிலேயே குழாய் சரியாகப் போனது கேமராவோடு 85.1 விழுக்காடு, பழைய பிளேடோடு 70.8 விழுக்காடு. முதல் முயற்சிக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், ஒவ்வொரு மறுமுயற்சியிலும் தொண்டை வீங்குகிறது, இரத்தம் கசிகிறது, ஆக்சிஜன் இறங்குகிறது. அப்பாவுக்குக் கேமரா எடுத்தது நல்ல காரியம்தான்.

கேள்வி: மாவட்ட ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். எங்களுக்குப் புதிதாக வீடியோ லாரிங்கோஸ்கோப் வந்திருக்கிறது. திரையில் குரல் நாண்கள் பாடப் புத்தகப் படம் மாதிரி தெரிகின்றன. ஆனால் குழாய் மட்டும் உள்ளே போக மாட்டேன் என்கிறது. டாக்டர் தடுமாறும்போது நான் பக்கத்தில் நின்று எப்படி உதவுவது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நல்ல கேள்வி, தம்பி. இந்தக் கருவியைப் பற்றி எங்கும் கேட்கும் புகார் இதுதான். 2017-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், 7 ஐ.சி.யு.க்களில் 371 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். கேமராவில் பார்வை நன்றாகக் கிடைத்தது. ஆனாலும் முதல் முயற்சி வெற்றி பழைய பிளேடைவிடக் கூடவில்லை. கேமரா பிரிவில் தோற்ற முயற்சிகளில் பெரும்பாலானவற்றில், வழி தெரிந்தும் குழாயைச் செலுத்த முடியவில்லை. கண் வளைந்து பார்க்கிறது, குழாய் வளைந்து போகவில்லை. உங்கள் சிக்கலும் அதுதான்.

உங்கள் கையில் இருப்பது எந்தப் பிளேடு என்று முதலில் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் குழாயைத் தயார்செய்யும் விதம் வேறு.

மெக்கின்டாஷ் வளைவுள்ள கேமரா பிளேடு என்றால் பழைய பழக்கமே போதும். வாயின் வலப்பக்கம் நுழைத்து, நாக்கை இடப்பக்கம் ஒதுக்கி, நுனியை நாக்கின் அடிக்கும் குரல்வளை மூடிக்கும் இடையே உள்ள பள்ளத்தில் வைத்துத் தூக்க வேண்டும். குழாய்க்குள் விடும் வளையும் கம்பியான ஸ்டைலெட்டை, குழாய் நுனியருகே ஊதும் பலூனான கஃப் வரைக்கும் நேராக வைத்து, அங்கிருந்து மேல்நோக்கி 35 பாகைக்கு மிகாமல் ஒரு வளைவு கொடுங்கள். அதற்கு மேல் வளைத்தால் நுனி மூச்சுக்குழாயின் முன்சுவரில் முட்டும்.

அதிக வளைவுள்ள பிளேடு, அதாவது கிளைட்ஸ்கோப், சி-மேக் டி-பிளேடு போன்றவை, வேறு ரகம். இவற்றை நாக்கின் நடுக்கோட்டிலேயே இறக்க வேண்டும், நாக்கை ஒதுக்கத் தேவையில்லை. குழாய்க்குள் விறைப்பான ஸ்டைலெட் கட்டாயம். அதன் வளைவு பிளேடின் வளைவோடு ஒத்துப்போக வேண்டும், ஏறக்குறைய 60 முதல் 70 பாகை. சாதாரண மெல்லிய ஸ்டைலெட்டை வளைத்துக் கொடுத்தால் நாக்கில் பட்டதும் நிமிர்ந்துவிடும். குழாய்க்கு வழிகாட்டும் நீண்ட மெல்லிய கோலான சாதாரண பூஜியும் அப்படித்தான், அந்த வளைவைத் தாங்காது. "டாக்டர் கேட்டார், பூஜியை எடுத்துக் கொடுத்தேன்" என்ற இடத்தில் பல முயற்சிகள் வீணாகின்றன. கருவிக்கென்று கொடுத்த ஸ்டைலெட் பெட்டியிலேயே தூங்கும். அதைத் தட்டில் எடுத்து வைப்பது உங்கள் முதல் உதவி.

மூன்றாவது, குழாய் போகத் தனி வாய்க்கால் உள்ள கருவிகள், ஏர்ட்ராக் மாதிரி. அவற்றில் ஸ்டைலெட் வேண்டாம். குழாய் வாய்க்கால் காட்டும் திசையில்தான் போகும். அது தவறினால் குழாயைத் திருகிப் பயனில்லை, கருவியையே சற்றுப் பின்னிழுத்து மேலே தூக்கித் திசையைச் சரிசெய்ய வேண்டும்.

தட்டைத் தயார்செய்யும்போது: பெண்களுக்கு 7.0 அல்லது 7.5, ஆண்களுக்கு 7.5 அல்லது 8.0 குழாய், கூடவே அரை அளவு சிறியது ஒன்று. கஃபை ஊதிப் பார்த்துக் காற்றை முழுக்க எடுத்துவிடுங்கள். ஸ்டைலெட்டில் ஜெல் தடவி, வெளியே வழுக்கி வருகிறதா என்று ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அதன் நுனி குழாயைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

அதிக வளைவுப் பிளேடில் கண் போகும் வரிசை நான்கு: வாய், திரை, வாய், திரை. பிளேடை நுழைக்கும்போது வாயைப் பார்க்க வேண்டும். அது நாக்கைக் கடந்ததும் திரையைப் பார்த்து நாண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். குழாயை நுழைக்கும்போது மறுபடி வாய். குழாயின் நுனி திரையில் தோன்றிய பிறகுதான் மறுபடி திரை. மூன்றாவது கட்டத்தில்தான் தவறு நடக்கிறது. டாக்டரின் கண் அழகான படத்தை விட்டு வர மறுக்கும், குழாய் கண் பார்க்காத இருட்டில் போகும். மெல்லண்ணத்தையும் டான்சில் பக்கத்துத் தசையையும் விறைப்பான ஸ்டைலெட் குத்திக் கிழிப்பது இங்கேதான். "வாயைப் பாருங்கள், டாக்டர்" என்று மெதுவாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல டாக்டர் அதை மதிப்பார்.

இனி, நாண்கள் தெரிந்தும் குழாய் போகாத நிலை. பெரும்பாலும் காரணம் பிளேடு மிக அருகில் போனதுதான். திரை முழுக்க நாண்கள் நிறைந்திருந்தால் அது நல்ல பார்வை மாதிரி தோன்றும், ஆனால் குழாய் திரும்ப இடமில்லை, குரல்வளையும் முன்னே தள்ளப்பட்டுக் கோணம் இன்னும் கூர்மையாகிறது. பிளேடை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பின்னிழுத்துத் தூக்குவதைத் தளர்த்த வேண்டும். பிளவில் பாதி தெரிந்தால் போதும், அது திரையின் மேல்பாதியில் இருந்தால் இன்னும் நல்லது. குழாய் நுழைய நிறைய இடம் கிடைக்கும்.

நுனி நாண்களுக்குள் போய்விட்டது, அதற்கு மேல் நகரவில்லை என்றால் அது மூச்சுக்குழாயின் முன்சுவர் வளையங்களில் இடிக்கிறது. அப்போது உங்கள் கை தேவை. டாக்டர் குழாயை அசையாமல் பிடிக்க, நீங்கள் ஸ்டைலெட்டை 4 அல்லது 5 சென்டிமீட்டர் மட்டும் வெளியே இழுக்க வேண்டும். நுனி இளகி, கீழ்நோக்கி வளையும். அப்படியும் போகாவிட்டால் குழாயைக் கடிகார முள் திசையில் திருப்பச் சொல்லுங்கள். பூஜியின் மேல் குழாயை ஏற்றும்போது சிக்கினால் கதை தலைகீழ். அங்கே நுனி வலப்பக்கத்துக் குருத்தெலும்பில் மாட்டும், எதிர்த் திசையில் 90 பாகை திருப்பினால் விடுபடும். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுக் குழம்புவது சகஜம், சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

நேரத்தையும் நீங்களே கவனியுங்கள். முயற்சி நடக்கும்போது ஆக்சிஜன் அளவைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருங்கள். 93 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் பிளேடை எடுத்துவிட்டு முகமூடியால் காற்று கொடுக்க வேண்டும். மூன்று முயற்சிக்கு மேல் போகக் கூடாது, அனுபவம் மிக்க இன்னொருவர் வந்தால் மட்டும் நான்காவது. ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே ஏதாவது ஒன்று மாற வேண்டும்: தலை வைக்கும் நிலை, பிளேடு, குழாயின் அளவு, ஆள். அதே கையால் அதையே திரும்பச் செய்வது முயற்சிக் கணக்கைக் கூட்டுமே தவிர பலன் தராது. எதுவும் முடியவில்லை என்றால் ஐ-ஜெல் போன்ற குரல்வளை முகமூடி. அதிலும் காற்று போகாவிட்டால் கழுத்தின் முன்புறத்தில் வெட்டி வழி திறப்பது. அதற்கு வேண்டியவை மூன்றே பொருட்கள்: 10 எண் பிளேடு பொருத்திய ஸ்கால்பெல் என்ற அறுவைக் கத்தி, பூஜி, 6.0 கஃப் குழாய். மூன்றையும் ஒரே பையில் போட்டு, முதல் முயற்சிக்கு முன்பே அந்த அறையில் வைத்திருங்கள்.

கேள்வி: வாந்தி, இரத்தம் வந்தால் கேமரா மறைந்துவிடுகிறதே. ஏர்கண்டிஷன் அறையில் புகை படிந்த மாதிரியும் ஆகிறது.
அதே ஆஸ்பத்திரித் தாதி

பதில்: புகைப்படலத்துக்குக் காரணம் குளிர்ந்த கண்ணாடியில் சூடான மூச்சுப் படுவது. பல கருவிகளில் கேமரா முகப்பைச் சூடாக்கும் அமைப்பு உண்டு, அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். மயக்க மருந்து ஏற்றும்போது ஆன் செய்யாமல், ஒரு நிமிடம் முன்பே செய்துவிடுங்கள். அந்த வசதி இல்லாத கருவிக்குப் படலம் தடுக்கும் திரவம் ஒரு சொட்டு.

வாந்திக்கு, சக்‌ஷனை முன்னால் அனுப்புங்கள், பிளேடு பின்னால் வரட்டும். அகலத் துவாரமுள்ள விறைப்பான சக்‌ஷன் முனையால் வழியைத் துடைத்துக்கொண்டே போய், பிறகு அதைப் பிளேடின் இடப்பக்கத்துக்கு மாற்றி, உணவுக்குழாயின் வாயில் நுனி நிற்க அங்கேயே ஓடவிட வேண்டும். குழாய் வலப்பக்கமாகப் போகும். பிளேடை நாக்கை ஒட்டி இறக்கினால் கேமரா திரவத்தில் முங்காது. திரை முழுக்க மறைந்தே போனால் மெக்கின்டாஷ் வளைவுப் பிளேடில் நேராக வாய்க்குள் பார்த்துத் தொடரலாம். அதிக வளைவுப் பிளேடில் அந்த வழி கிடையாது. இரத்த வாந்தி நோயாளிக்கு நாங்கள் மெக்கின்டாஷ் வளைவைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

கேள்வி: பாட்டிக்கு 74 வயது. சின்ன வயதிலிருந்து வெற்றிலை பாக்கு. இப்போது வாயை அகலத் திறக்க முடிவதில்லை, காரம் பட்டாலே எரிகிறது என்கிறார். ஒரு அவசரம் என்றால் குழாய் போடுவது கஷ்டமாகுமா?
லிந்தாங் வட்டார வாசகர்

பதில்: கஷ்டமாகத்தான் இருக்கும், நீங்கள் முன்கூட்டியே கேட்டது நல்லது. பாக்கு பல வருடம் வாயில் ஊறினால் கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார் கட்டி, தோல் வெளுத்து விறைத்துப்போகும். பாட்டி சொல்லும் எரிச்சலும் அதன் அடையாளம்தான். வலியால் இறுகிய தாடை, தசை தளர்த்தும் மருந்து கொடுத்தால் திறந்துகொள்ளும். நார் கட்டிய வாய் அந்த மருந்துக்கு மசியாது. மயக்கம் கொடுத்த பிறகுதான் இது தெரிய வந்தால் ஆபத்து.

பாட்டியின் விரல்களையே அளவாக வைத்துப் பாருங்கள். மூன்று விரல்கள் நெட்டாக முன்பற்களுக்கு இடையே போனால் சரி. இரண்டு விரல்கூடத் திணறினால் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. கேமரா பிளேடுகளில் மெல்லியதே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன், குழாயும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடம் கேட்கும். வாய் திறக்காத இடத்தில் வீடியோ கருவி உதவாது.

இப்படிப்பட்டவர்களுக்குத் திட்டமிட்ட வழி, விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக வளையும் மெல்லிய ஸ்கோப்பைச் செலுத்தி, அதன் மேல் குழாயை ஏற்றுவது. லிக்னோகெய்ன் தெளித்து மூக்கையும் தொண்டையையும் மரக்கச் செய்துவிட்டுப் போடுவார்கள். அந்த மருந்தின் மொத்த அளவு கொழுப்பு நீங்கலான உடல் எடையில் கிலோவுக்கு 9 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நிதானமாகச் செய்தால் நோயாளி தானே மூச்சு விட்டுக்கொண்டிருப்பார், அதுதான் இதன் பெரிய பாதுகாப்பு.

ஐ.சி.யு.வில் சிரமத்தை முன்கூட்டி எடைபோட மகோச்சா என்ற 12 புள்ளிக் கணக்கு உண்டு. நாக்கு மறைத்து உள்நாக்கு சரியாகத் தெரியாத தொண்டைக்கு 5, தூக்கத்தில் மூச்சு நிற்கும் குறட்டை நோய்க்கு 2. கழுத்து அசையாமை, வாய் 3 சென்டிமீட்டருக்குக் குறைவாகத் திறப்பது, சுயநினைவின்மை, ஆக்சிஜன் 80-க்குக் கீழே இருப்பது, குழாய் போடுபவர் மயக்க மருந்து மருத்துவர் இல்லாதது ஆகியவற்றுக்குத் தலா 1. மூன்றைத் தொட்டாலே கூடுதல் ஆயத்தம் வேண்டும். இவற்றில் பலவற்றை வீட்டார்தான் சொல்ல முடியும். "ராத்திரி குறட்டை விடுவார், நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவார்" என்ற ஒரு வரி எங்களுக்குத் தங்கம். பாட்டிக்கு வாய் எத்தனை விரல் திறக்கும், எந்தப் பல் ஆடுகிறது, பல்செட் இருக்கிறதா, முன்பு அறுவைச் சிகிச்சையில் குழாய் போடச் சிரமப்பட்டார்களா என்று ஒரு தாளில் எழுதி, அடையாள அட்டையோடு வையுங்கள். வாயில் வெள்ளைத் தழும்போ ஆறாத புண்ணோ இருந்தால் பல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். பாக்கு வாய்ப் புற்றுநோயையும் கொண்டுவரும்.

கேள்வி: என் மாமாவுக்கு நீரிழிவு, கடுமையான கிருமித் தொற்று. குழாய் போடும்போதே இதயம் நின்றுவிட்டது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கேமரா கருவியெல்லாம் வைத்துத்தான் செய்தார்கள். பிறகு எப்படி இப்படி ஆனது?
ஒரு வாசகர்

பதில்: உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம். அவருடைய கோப்பைப் பார்க்காமல் அந்த நாளைப் பற்றி நாங்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது. இப்படி நேர்வதற்கான காரணங்களைச் சொல்கிறோம்.

குழாய் சரியான இடத்துக்குப் போவது ஒரு வேலை, அந்தச் சில நிமிடங்களை உடல் தாங்குவது இன்னொன்று. கேமரா முதல் வேலைக்கு மட்டுமே உதவும். மேலே சொன்ன 2023 ஆய்விலேயே கடுமையான பாதிப்புகள் கேமரா பிரிவில் 21.4, பழைய பிளேடுப் பிரிவில் 20.9 விழுக்காடு. கிட்டத்தட்டச் சமம். 29 நாடுகளில் 2,964 பேரைக் கவனித்து 2021-ல் வெளியான ஆய்வில், குழாய் போடும்போதோ அதை அடுத்தோ 42.6 விழுக்காட்டினருக்கு இரத்த ஓட்டம் நிலைகுலைந்தது, 9.3 விழுக்காட்டினருக்கு ஆக்சிஜன் மோசமாக இறங்கியது, 3.1 விழுக்காட்டினருக்கு இதயம் நின்றது.

ஏன் என்றால், கிருமித் தொற்றில் இரத்தக் குழாய்கள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். நோயாளி பயத்திலும் மூச்சுத் திணறலிலும் சுரக்கும் அட்ரினலின்தான் இரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும். மயக்க மருந்து போட்டதும் அந்தப் பிடி விடுகிறது. அடுத்து, நாம் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. நீரிழிவில் இரத்தம் அமிலமாகியிருந்தால் மூன்றாவது அடி. அப்படிப்பட்டவர் நிமிடத்துக்கு முப்பது, நாற்பது முறை ஆழமாக மூச்சுவிட்டு அமிலத்தை வெளியேற்றிக்கொண்டிருப்பார். தசை தளர்த்தும் மருந்து அந்த மூச்சை நிறுத்திய ஒரு நிமிடத்திலேயே அமிலம் ஏறும்.

இதைத் தடுக்க முன்கூட்டியே செய்ய வேண்டியவை பல. தலைப்பக்கத்தை 20 முதல் 30 பாகை உயர்த்தி, காதும் மார்பெலும்பின் மேல்பள்ளமும் ஒரே மட்டத்தில் வருமாறு படுக்க வைத்து, குறைந்தது மூன்று நிமிடம் இறுக்கமான முகமூடியில் முழு ஆக்சிஜன். அதைவிட, அழுத்தத்தோடு காற்று தரும் முகமூடி இயந்திரம் மேல். 2024-ல் வெளியான, 1,301 பேரிடம் செய்த ஆய்வில் ஆக்சிஜன் இறக்கம் சாதாரண முகமூடியில் 18.5 விழுக்காடு, இயந்திர முகமூடியில் 9.1 விழுக்காடு. பிறகு இரத்த அழுத்தம். அது விழுந்த பின் ஓடுவதைவிட, அதை உயர்த்தும் நோர்அட்ரினலினை முன்பே ஓடவிட்டு, மயக்க மருந்தின் அளவைக் குறைத்துக்கொள்வது நல்லது. தசை தளர்த்தும் மருந்தை மட்டும் குறைக்கக் கூடாது. அந்த மருந்து ரோகுரோனியம் என்றால் கிலோவுக்கு 1.2 மில்லிகிராம். இரத்த ஓட்டம் மந்தமானவருக்கு அது வேலை செய்யத் தாமதமாகும், அரைகுறை தளர்ச்சியில் பிளேடு போட்டால் வாந்தி வரும்.

இவ்வளவும் செய்தும் சிலரைக் காப்பாற்ற முடிவதில்லை. மாமாவுக்கு நடந்ததை அறிய விரும்பினால் அந்த ஆஸ்பத்திரியின் மருத்துவப் பதிவுப் பிரிவில் மருத்துவ அறிக்கைக்கு விண்ணப்பியுங்கள். ஐ.சி.யு. நிபுணரைச் சந்திக்க நேரம் கேட்டு, குழாய் போடும் முன் இரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் அமில அளவும் எவ்வளவு இருந்தன, என்ன மருந்து எவ்வளவு கொடுத்தார்கள், எத்தனை முயற்சி ஆனது என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் குழுவுக்கு மேற்பார்வையாளர் நான். பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ உடம்புக்குள் போனவருக்குக் குழாய் போடுவதில் வித்தியாசம் உண்டா?

பதில்: நிறைய உண்டு. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து என்றால் வாயிலும் நுரையீரலிலும் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். கேமராவைவிடச் சக்‌ஷனும், நெஞ்சின் ஈரச் சத்தம் அடங்கும்வரை ஏற்றும் அட்ரோப்பின் மருந்தும் முக்கியம். சக்சமெத்தோனியம் என்ற தளர்த்தும் மருந்தைச் சிதைக்கும் நொதியை இந்த விஷம் முடக்கிவிடுவதால், சில நிமிடத்தில் தெளிய வேண்டியது மணிக்கணக்கில் நீடிக்கலாம். ரோகுரோனியமே நல்லது. பாராகுவாட் களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது. பழைய போத்தல் எங்காவது கிடந்து யாராவது தவறுதலாகக் குடித்துவிட்டால், வாயும் தொண்டையும் வெந்து வீங்கும், பிளேடு பட்டாலே தோல் உரியும். அங்கே ஆக்சிஜனை அள்ளிக் கொடுப்பது நுரையீரல் சேதத்தைக் கூட்டும், தேவைக்கு மேல் கொடுக்க மாட்டார்கள். உங்களால் ஆகக்கூடியது ஒன்று: ஆளோடு போத்தலையும், இல்லாவிட்டால் லேபிளின் படத்தையாவது, ஆம்புலன்ஸில் அனுப்புங்கள். எந்த மருந்து என்று தெரியாமல்தான் நாங்கள் அதிகம் தடுமாறுகிறோம்.

கேள்வி: குழாய் நாண்களுக்குள் போவதைத் திரையில் எல்லாரும் பார்த்துவிட்டோம். பிறகும், வெளிவிடும் கரியமில வாயுவை அலையாகக் காட்டும் கேப்னோகிராஃப் ஏன் கட்டாயம் என்கிறார்கள்?
பயிற்சித் தாதி

பதில்: பார்த்த பிறகும் குழாய் நழுவும், தங்கச்சி. ஸ்டைலெட்டை உருவும்போது, டேப் ஒட்டும்போது, நோயாளியைத் திருப்பும்போது. அவசரத்தில் கண் பார்த்ததாக நம்பிவிடுவதும் உண்டு. வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு இருந்தால் மட்டுமே குழாய் நுரையீரல் வழியில் இருக்கிறது. குறைந்தது ஏழு மூச்சுக்கு அலை தொடர்ந்து வர வேண்டும். அலையே இல்லை என்றால் குழாய் தவறான இடத்தில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "இதயம் நின்றதால் அலை வரவில்லை" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். நெஞ்சை அமுக்கிக்கொண்டிருக்கும்போதும் குட்டையாகவாவது அலை வரும். பிரிட்டனில் நாடு தழுவி நடந்து 2011-ல் வெளியான தணிக்கையில், ஐ.சி.யு. மூச்சுவழி மரணங்களில் பெரும்பகுதிக்கு இந்தக் கருவி பயன்படாததும் ஒரு காரணம் என்று தெரிய வந்தது.

குழாய் பற்களின் அருகே பெண்களுக்கு ஏறக்குறைய 21, ஆண்களுக்கு 23 சென்டிமீட்டரில் நிற்கும். அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதுங்கள். கஃப் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர். ஈப்போவுக்கு ஆம்புலன்ஸில் மாற்றும்போது தலையைக் கவனியுங்கள். தாடை நெஞ்சைத் தொடுமாறு குனிந்தால் குழாய் 2 சென்டிமீட்டர் வரை உள்ளே இறங்கி வலது நுரையீரலுக்கு மட்டும் போகலாம், நிமிர்ந்தால் அதே அளவு மேலே வரும்.

கேள்வி: எங்கள் ஆலய நிர்வாகம் திருவிழா வசூலில் ஒரு பகுதியை எடுத்து, மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வீடியோ லாரிங்கோஸ்கோப் வாங்கிக் கொடுக்க விரும்புகிறது. எதை வாங்குவது?
ஆலயச் செயலாளர்

பதில்: வாங்கும் முன் ஆஸ்பத்திரி இயக்குநருக்குக் கடிதம் எழுதி, அவசரப் பிரிவுத் தலைவரோடு உட்கார்ந்து பேசுங்கள் ஐயா. நோயாளிகளை மாற்றி அனுப்பும் பெரிய ஆஸ்பத்திரியில் எந்த ரகம் இருக்கிறதோ அதையே வாங்கினால் பயிற்சி தருவது எளிது. கருவி 2012 மருத்துவக் கருவிகள் சட்டத்தின் கீழ் மலேசியாவில் பதிவானதா என்று விற்பவரிடம் சான்று கேளுங்கள்.

பணம் கருவியோடு முடிவதில்லை. ஒரே முறை பயன்படுத்தி எறியும் பிளேடு என்றால் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒன்று செலவாகும், இரண்டு வருடத்துக்கு யார் வாங்குவது என்று முன்பே பேசி முடியுங்கள். திரும்பப் பயன்படும் பிளேடு என்றால் ஒவ்வொரு முறையும் கழுவி உயர்நிலைக் கிருமி நீக்கம் செய்ய வேண்டும். அதற்கான திரவமும் ஆளும் அங்கே இருக்கிறார்களா? பெரியவர்களுக்கு மெக்கின்டாஷ் வளைவு 3, 4 இரண்டும், அதிக வளைவுப் பிளேடு ஒன்றும், அதற்கான விறைப்பு ஸ்டைலெட் குறைந்தது இரண்டும், குழந்தை அளவும் சேர்த்து விலை கேளுங்கள். ஸ்டைலெட் இல்லாமல் அதிக வளைவுப் பிளேடை வாங்காதீர்கள். பேட்டரி கழற்றி மாட்டக்கூடியதா, மாற்று பேட்டரி உள்ளூரில் கிடைக்குமா, பழுதானால் மாற்றுக் கருவி எத்தனை நாளில் வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பயிற்சிப் பொம்மையில் பணியாளர்கள் பழக, விற்பவர் இரண்டு மூன்று முறையாவது வர வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவசரப் பிரிவிலும் ஆம்புலன்ஸிலும் அலை காட்டும் கேப்னோகிராஃப் வேலை செய்கிறதா என்று அதே கூட்டத்தில் கேட்டுவிடுங்கள். இல்லை என்று பதில் வந்தால், வசூல் பணத்தில் முதலில் அதை வாங்கிக் கொடுங்கள். கேமரா அடுத்த வருடத் திருவிழாவுக்குக் காத்திருக்கலாம்.